மாசி வெயிலில் மட்டக்குதிரைகள்

வடக்கு மாகாணத்தில் அரசு நடத்தும் மிருகக்காட்சிச்சாலை ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைக்கு மிருகம் காட்ட வேண்டும் என்று யாழ்ப்பாணத்து வீடொன்றில் பேச்செழுந்தால், அடுத்த சொல் தெகிவளை என்றுதான் வரும். அதற்கு நானூறு கிலோமீற்றர் போக வேண்டும். இரவு பஸ், கொழும்பில் ஓர் உறவினர் வீடு, மறுநாள் சனநெரிசலில் கூடு கூடாக நடை, பிறகு மறுபடி இரவு பஸ். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. தூக்கிக்கொண்டு திரிகிறவர்களுக்கும்தான்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. கைத்தொலைபேசியில் ஒட்டகச்சிவிங்கி வந்தால் மகள் கைதட்டப் பழகியிருந்தாள். முற்றத்து வேம்பில் அணில் ஓடினால் திரும்பிப் பார்ப்பது குறைந்துகொண்டு வந்தது. இதை முதலில் கவனித்தவர் மாமி. "படத்திலை வாறதுக்கு மணமும் இல்லை, சூடும் இல்லை. பிள்ளைக்கு உயிரோடை இருக்கிறதைக் காட்டுங்கோ தம்பி" என்றார். நெடுந்தீவுக்குப் போவோம் என்று சொன்னவரும் அவர்தான். அங்கே குதிரை நிற்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெடுந்தீவை ஒரு சின்னப்பிள்ளையோடு போகும் இடமாக நானோ மனைவியோ நினைத்துப் பார்த்ததில்லை.

தெகிவளை தொடங்கிய கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் என்றொரு விலங்கு வியாபாரி இருந்தார். உலகமெங்குமிருந்து யானை, புலி, சிங்கம் எல்லாம் பிடிப்பித்து, காட்சிச்சாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் விற்றவர். 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கப்பலேற்றிக்கொண்டு போய், ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைத்தார். கம்பிக்குப் பதில் அகழி வெட்டி விலங்குகளை நிறுத்தும் முறையை 1907இல் தன் புதிய காட்சிச்சாலையில் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அவருடைய தகப்பனின் இரண்டாம் தாரத்துக்குப் பிறந்த தம்பி ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி, ஏற்றுமதிக்கான விலங்குகளைத் தெகிவளையில் சேர்த்து வைத்திருந்தார். 1936இல் அந்த வியாபாரம் நொடித்தபோது அரசு அந்த இடத்தைப் பொறுப்பேற்றது. இன்றைய தேசிய விலங்கியல் பூங்கா அப்படித்தான் பிறந்தது. அங்கே பணிபுரிகிறவர்களின் அக்கறையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை முதன்முதலாகக் காணும் பெரிய விலங்கு தன்பாட்டில் மேய்வதாக, நம்மைப் பிடிக்காவிட்டால் தன்பாட்டில் விலகிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த முதல் சந்திப்பு பிள்ளைக்குள் எதை விதைக்கும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் எதையோ விதைக்கும்.

மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை நெடுந்தீவுக் கடல் சிலும்பும். பெரியவர்களே வாந்தியெடுப்பார்கள், சில நாள்களில் படகே ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசியில் வாடை தணிந்து கடல் படுத்துவிடும். மாரி மழையின் ஈரமும் நிலத்தில் மிச்சம் இருக்கும், புல்லும் பச்சையாக நிற்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் இந்த நாள்களில்தான் வரும். அந்த வாரம் குறிகட்டுவான் துறையில் கால் வைக்க இடமிருக்காது. அதைத் தவிர்த்து ஒரு கிழமைநாளில் புறப்பட்டோம்.

பண்ணைப் பாலம் தாண்டியதுமே விலங்குகள் தொடங்கிவிடுகின்றன. கடலேரியில் களங்கண்டித் தடிகள் வரிசையாக நிற்கும்; தடிக்கொரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவிட்டபடி இருக்கும். மண்டைதீவுச் சந்திக்கு அப்பால், தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்த இடத்தில் சங்குவளை நாரைகள் நின்றன. இன்னும் தள்ளி, இளஞ்சிவப்பாக ஒரு நீண்ட கோடு தெரிந்தது. பூநாரைகள். வாகனத்தை ஓரங்கட்டினோம். அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அளைந்து, சின்ன இறாலையும் பாசியையும் வடித்துத் தின்னும். அந்தச் சிவப்பு நிறம் தின்னும் இரையிலிருந்தே ஏறுகிறது. மகளுக்குத் தூரத்துக் கோடு பிடிபடவில்லை. வீதியோரத்துச் செம்மறியாட்டுக் குட்டி ஒன்றைத்தான் கண்ணெடுக்காமல் பார்த்தாள். இந்த வயதுப் பிள்ளைக்குப் பத்து மீற்றருக்குள் இருப்பதுதான் உலகம் என்பதை அன்று முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

வேலணையைக் கடந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் ஏறி, பூட்டிக் கிடக்கும் பெரிய கல்வீடுகளைத் தாண்டிக் குறிகட்டுவானை அடையும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. துறையில் இரண்டு விதமான கூட்டம். நயினாதீவுக்குப் போகிறவர்கள் நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்குமாகப் பூத்தட்டோடு நிற்பார்கள். நெடுந்தீவுப் படகுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஆசிரியர்கள், அலுவலர்கள், பட்டணத்தில் சாமான் வாங்கித் திரும்பும் ஊரவர்கள். எரிவாயுச் சிலிண்டர், சீமெந்துப் பை, பாண் பெட்டி, கட்டிப்போட்ட கோழி எல்லாம் ஆள்களோடு சேர்ந்தே ஏறும். கோழியைக் கண்டதும் மகள் என் கையிலிருந்து இறங்கிவிட்டாள்.

நெடுந்தீவுக் கடல் ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். பெரிய படகுகளில் சனம் உள்ளே இறங்கி இருக்க வேண்டும். அங்கே காற்றோட்டம் குறைவு. இயந்திரச் சத்தமும் டீசல் மணமும் அதிகம். "பிள்ளையோடை உள்ளுக்கு இறங்காதேங்கோ அக்கா. இந்தப் பக்கம் நடுவிலை இருங்கோ, தண்ணி தெறிக்காது" என்று படகில் வேலைசெய்யும் தம்பி ஒருவர் மனைவிக்கு இடம் பிடித்துத் தந்தார். உயிர்காப்பு அங்கிகள் பெரியவர்களின் அளவுக்குத்தான் இருக்கும் என்று எண்ணி, பிள்ளைக்கென்று சின்ன அங்கி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். இந்தக் கடலுக்குப் போகும் எந்தத் தாய் தகப்பனும் அதைச் செய்ய வேண்டும். அங்கி இல்லாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

படகு கரையை விட்டதும் மாமி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வயதுக்காரர்கள் இந்தக் கடலைக் கடக்கும்போது குமுதினியை நினைக்காமல் இருக்க மாட்டார்கள். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, உள்ளே இருந்த பயணிகளை ஒவ்வொருவராக அழைத்து வெட்டிக் கொன்றார்கள். செத்தவர்களில் பெண்களும் கைக்குழந்தையும் உண்டு. உயிர்தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினார்கள். மாவிலித்துறையில் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் கூடி அஞ்சலி செலுத்தும். பிள்ளையோடு உல்லாசமாகப் போகிற நாளில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அந்தத் தூபிதான். மாமி அதன் முன்னே நின்றார். அவர் நிற்க, மகளும் பக்கத்தில் நின்றாள். அவள் வளர்ந்த பிறகு கேட்பாள், சொல்வோம்.

தீவுக்குள் ஓட்டோ பிடித்தோம். ஓட்டி இளைஞர், எங்கே போக வேண்டும் என்று கேட்காமலே, "குதிரையோ அண்ணை? வெயில் ஏற முதல் பாத்தாத்தான் உண்டு. பிறகு எங்கையாவது நிழலுக்கை போயிடும்" என்றார். இது நல்ல புத்தி. கோட்டை, கோபுரம், பெருக்கமரம் எல்லாம் நகராமல் இருக்கும். முதலில் நகர்கிறதைப் பார்த்துவிட வேண்டும்.

வழிநெடுக முருகைக்கல் மதில்கள். இடுப்பளவு உயரத்துக்கு, சாந்து எதுவும் வைக்காமல், கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியவை. காற்று இடைவெளிகளுக்குள்ளால் புகுந்து போய்விடுவதால் புயலுக்கும் நிற்கின்றன என்று ஓட்டி சொன்னார். ஓரிடத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க நிறுத்தியபோது மகள் மதிலை எட்டிப் பிடித்தாள். கல்லெல்லாம் ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை. ஒன்றில் நட்சத்திர நட்சத்திரமாகக் குழிகள். மற்றொன்றில் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள். ஒவ்வொரு நட்சத்திரக் குழியும் ஒரு சின்னஞ்சிறு பவள உயிரியின் வீடாக இருந்தது. அவள் சுட்டுவிரல் அந்தக் குழிகளுக்குள் சரியாகப் பொருந்தியது. ஒன்றில் விட்டு எடுத்தாள், அடுத்ததில் விட்டாள், அடுத்ததில். ஓட்டி அவசரப்படுத்தவில்லை. எனக்கு அந்த மதில்தான் அன்றைய முதல் விலங்கு.

குடிமனைகள் முடிந்து தரவை திறக்கும் இடத்தில் அவை நின்றன.

ஒரு கூட்டம். பழுப்பு, செம்பழுப்பு, ஒன்றிரண்டு கறுப்பு. குதிரைப்பந்தயத்திலோ திருமண ஊர்வலத்திலோ காணும் உயரம் கிடையாது. என் மார்பளவுக்குச் சற்று மேலே. மட்டக்குதிரை என்றுதான் சொல்வார்கள். பிடரிமயிர் வெயிலில் வெளிறி நுனி செம்பட்டையாகியிருந்தது. முதுகிலும் காலடியிலும் உண்ணிக்கொக்குகள். ஒரு காகம் பெட்டைக்குதிரை ஒன்றின் காதோரம் தொற்றிக்கொண்டு உண்ணி பிடுங்கியது. குதிரை தலையைச் சரித்து அதற்கு வாகாகக் காட்டிக்கொண்டு நின்றது. காகம் மற்றக் காதுக்கு மாறியதும் தலையும் மற்றப் பக்கம் சரிந்தது. வீட்டுக் கூரையில் தினம் காணும் காகம் இங்கே வேறொரு வேலை பார்ப்பதை மகள் கண்டுகொண்டாள். "கா, கா" என்று விரலை நீட்டினாள். குதிரையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது காகம்தான்.

இறங்கி எவ்வளவு தூரம் போகலாம் என்று ஓட்டியைக் கேட்டேன். "உதிலை நில்லுங்கோ, காணும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவிலை போகக் கூடாது. பின்பக்கமும் போகாதேங்கோ, உதைக்கும். நாங்கள் நிண்டா அதுகளும் நிக்கும்" என்றார். நின்றோம். மனைவி நிலத்தில் குந்தி மகளை மடியில் வைத்துக்கொண்டாள். குந்தியிருந்தால் நம் உருவம் சிறிதாகத் தெரியும், விலங்குகள் மிரளாது. சிறிது நேரத்தில் ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழிருந்து எங்களைப் பார்த்தது. பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். வால் குட்டையாக, சுருள் மயிரோடு. கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். குதிரை பதினொரு மாதம் சுமந்து ஈனும். குட்டி பிறந்த ஒன்றிரண்டு மணிநேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும், அன்றே தாயோடு ஓடும். எங்கள் மகள் தத்தித் தத்தி நடக்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தாள். அந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் எவ்வளவென்று தெரியவில்லை. குட்டி இரண்டடி முன்னே வைத்தது. தாய் தலை நிமிர்ந்து, காதைப் பின்னுக்கு மடக்கியது. அவ்வளவுதான், குட்டி திரும்பிவிட்டது. மகள் அழவில்லை, கூப்பிடவும் இல்லை. தாயின் மடியைவிட்டு எழும்பி, குட்டி வைத்த இரண்டடியைத் தானும் வைத்துவிட்டு, திரும்பி வந்து இருந்தாள்.

கூண்டுக்கு வெளியே இதுதான் நடக்கும். தாய்க்குதிரை வேண்டாம் என்றது, நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

இந்தக் குதிரைகள் இத்தீவுக்கு வந்தது போர்த்துக்கேயர் காலத்தில். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியவர்கள், சுற்றிவரக் கடலே வேலியாக இருக்கும் இந்தத் தட்டை நிலத்தைக் கால்நடைக்கு ஏற்றதாகக் கண்டார்கள். 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் குதிரை வளர்ப்பைப் பெரிதாக நடத்தினார்கள். தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரையே தீவுக்கும் வைத்தார்கள். டெல்ப்ட் என்ற பெயர் இன்னும் அரச ஆவணங்களில் நிற்கிறது. பிறகு ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற இராணுவ அதிகாரி தீவையும் குதிரைகளையும் பொறுப்பேற்று நடத்தினார். அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் சாராப்பிட்டிப் பக்கம் வெயிலில் நிற்கின்றன. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தூண்கள், கூரை போய்விட்டது. பக்கத்திலேயே நன்னீர்க் கிணறுகளும் குதிரைகள் நீர் குடித்த கற்றொட்டிகளும். படைக்குக் குதிரை தேவைப்படாமல் போனதும் வளர்ப்பும் கைவிடப்பட்டது. மிஞ்சியவை தரவைக்குள் இறங்கித் தம்பாட்டில் பெருகின. இன்றைக்கு ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் கணக்குச் சொல்கிறார்கள். வேட்டையாட வேறு விலங்கு இங்கே கிடையாது. நோயும் வறட்சியும்தான் அவற்றின் எதிரிகள்.

2015 ஜூன் 22ஆம் திகதி நெடுந்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் என்பதால், மூன்றிலொரு பங்குக்கு மேல். பூங்கா என்றதும் வாசற்கதவும் பார்வைக் கோபுரமும் மனதில் வரும். அறிவிப்பால் தரவையின் தோற்றம் மாறவில்லை: புல், ஈச்சம்பற்றை, எட்டத்தில் பனை, மேலே வானம்.

குதிரைகளுக்கு வேண்டியது தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாசி மாதத்துப் பச்சையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆடி மாதத்து நெடுந்தீவு தெரியாது. தீவில் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே நிற்கும் கடல்நீருக்கு மேல், பாலில் ஆடை படிவதுபோல், மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கிணறுகள் எடுப்பது அந்தப் படலத்தைத்தான். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பை இறக்க அடுத்த மாரி வர வேண்டும். சாராப்பிட்டி போன்ற சில இடங்களில் மட்டுமே குடிக்கத்தக்க நீர் உண்டு. கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் இயந்திரங்கள் இப்போது சனத்துக்கு உதவுகின்றன. குதிரைக்கு? தரவையில் மழைநீர் தேங்கும் பள்ளங்களும் கேணிகளும்தான். சித்திரைக்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக வற்றும். ஒரு மட்டக்குதிரைக்குச் சாதாரண நாளிலேயே பத்துப் பதினைந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கூட. கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் சேற்றில் மிஞ்சிய நீரைத் தேடி இறங்கி, ஏற வலுவில்லாமல் புதைந்து சாகின்றன. ஊரவர்கள் பவுசரிலும் பீப்பாயிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள்.

சாராப்பிட்டிக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைக் கண்டு, "பிள்ளைக்கு வெயில் பிடிக்கப்போகுது, இஞ்சாலை வாங்கோ" என்று பூவரச நிழலுக்குக் கூப்பிட்டார். மகளுக்கு மாற்றுச் சட்டை போட அவர் வீட்டுத் திண்ணையையும் தந்தார். மாமியும் அவரும் ஐந்து நிமிடத்தில் பொதுச் சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வன்னியில் குடியேறிய நெடுந்தீவார் வழியாக. குதிரைகளைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா சொன்னார்: "அதுகளும் இஞ்சை பிறந்ததுகள்தானே. எங்களுக்குத் தண்ணி இருக்கேக்கை அதுகளுக்கும் இருக்கும். எங்களுக்கு இல்லாட்டில் அதுகளுக்கும் இல்லை." தொட்டியில் அவர் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீரை மகள் இரண்டு கையாலும் அளைந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாமி அவள் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். அது அந்தத் தீவில் செய்ய வேண்டிய காரியம்.

பழைய குதிரைத் தொட்டிகளைத் திருத்தி, ஆனி ஆடியில் நாளாந்தம் நீர் நிரப்ப ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். மாரிக்கு முன்னே கேணிகளைத் தூர்வார வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல இவை. தீவுக்கு வரும் சுற்றுலாக்காரர் ஒவ்வொருவரும் குதிரையைப் படமெடுத்துக்கொண்டு போகிறோம். அந்த வருகையின் வருமானத்தில் ஒரு பங்கு குதிரையின் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன்.

நம் பக்கத்தில் திருத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு. நாங்கள் தரவையில் இருந்தபோதே ஒரு வாகனம் வீதியை விட்டிறங்கி, குதிரைகள் ஓடுவதைப் படம் பிடிப்பதற்காக அவற்றைத் துரத்தியது. கூட்டம் சிதறியது. குட்டி ஒன்று பின்தங்கிக் கனைத்துக்கொண்டு நின்றது. மகள் முதன்முறையாக அன்று பயந்தாள், குதிரைக்கல்ல, அந்த இரைச்சலுக்கு. எங்கள் ஓட்டி வாகனத்தை மறித்து, உள்ளே இருந்தவர்களிடம் மரியாதையாகவே பேசித் திருப்பி அனுப்பினார். பாணும் பிஸ்கற்றும் எறிகிறவர்களும் இருக்கிறார்கள். பாண் குதிரையின் குடலுக்கு ஆகாது. வயிற்றுவலி வந்தால் குதிரை வாந்தியெடுக்கக்கூட முடியாத பிராணி. பிஸ்கற் சுற்றிய உறையையும் உப்புச் சுவைக்காக நக்கி விழுங்கிவிடும். பிள்ளையின் கையால் குதிரைக்குத் தீன் கொடுத்துப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டால் போதும், குதிரைக்கும் நல்லது, பிள்ளையின் விரலுக்கும் நல்லது.

மதியம் பெருக்கமரத்தடிக்குப் போனோம். ஆபிரிக்காவுக்கு உரிய மரம். தமிழகத்தில் ஆனைப்புளி, பொந்தன்புளி என்பார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். மன்னாரில் பள்ளிமுனையிலும் ஒன்று நிற்கிறது. மன்னாரின் கட்டாக்காலிக் கழுதைகளையும் அதே அரபு வணிகர்களோடுதான் சேர்த்துச் சொல்வது வழக்கம். நெடுந்தீவுப் பெருக்கின் அடிமரத்துக்குள் ஓர் அறையளவு வெற்றிடம். ஆள்கள் சிலர் உள்ளே நிற்கலாம். வெளியே கண்ணைக் குத்தும் வெயில், உள்ளே குளிர்ச்சி. மகள் உள்ளே போய் "ஊ" என்றாள், தன் குரல் வேறாகக் கேட்டதும் மறுபடி "ஊ" என்றாள், இதிலேயே நெடுநேரம் போனது. மாமி கட்டிக்கொண்டு வந்த புட்டும் வாழைப்பழமும் அங்கேதான் முடிந்தன. தீவில் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன; சொல்லிவைத்தால் மீன் குழம்போடு சோறு தருவார்கள். பிள்ளைக்கான சாப்பாட்டை மட்டும் கையோடு கொண்டுபோவது நல்லது. கொதித்தாறிய தண்ணீர் தாராளமாக, ஒரு ஜீவனிப் பைக்கற், அகலத் தொப்பி, மாற்றுடுப்பு. பம்பஸையும் உறைகளையும் ஒரு பையில் கட்டித் திரும்ப யாழ்ப்பாணத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அவற்றைத் தாங்க அந்தத் தீவுக்கு வசதி கிடையாது.

மீகாமன் கோட்டையின் இடிபாடுகளையும் வெடியரசன் என்ற பழங்கதை மன்னனுக்குரிய மேற்குக் கரையையும் பெரிய பிள்ளைகளோடு வருகிறவர்கள் விரிவாகப் பார்க்கட்டும். எங்களுக்கு வைத்தியசாலைக்குப் பின்னால் நிற்கும் கோட்டையின் ஒரு சுவரும், ஒல்லாந்தர் தபாலுக்குப் புறா வளர்த்த கூடும் போதுமாயிருந்தன. புறாக்கூடு சின்னக் கட்டடம். மேலே சதுரம் சதுரமாகப் பொந்துகள். ஒல்லாந்தரின் புறாக்கள் போய்விட்டன. மகள் ஒவ்வொரு பொந்தையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றதில் கழுத்து நோக, என் தோளில் ஏறிக்கொண்டாள்.

பிற்பகல் படகுக்கு நேரத்தோடு துறைக்கு வந்துவிட வேண்டும். தவறவிட்டால் இரவு தங்க நேரிடும். படகு நேரங்கள் மாறிக்கொண்டிருப்பதால் காலையில் இறங்கும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது வழக்கம். திரும்பும் படகில் எங்களுக்குப் பக்கத்தில் நெடுந்தீவுப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். தினமும் இந்தக் கடலில் இரண்டு முறை போய்வருகிறவர். "பிள்ளைக்கு என்னத்தைக் காட்டினனீங்கள்?" என்று கேட்டார். குதிரை என்றோம். "எங்கடை பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் ஆடி மாதம் தொட்டிக்குத் தண்ணி ஊத்துவினம். கொஞ்சம் வளர்ந்தாப் போலை அந்த நேரத்திலையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கடல் கொஞ்சம் அடிக்கும், ஆனால் அப்பதான் குதிரைக்கு ஆள் வேணும்" என்றார்.

மனைவி உடனே சரி என்றாள். அதற்கு முன் பங்குனிக்குள் சுண்டிக்குளம் போய்விட வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, நெடுந்தீவோடு அதே நாளில் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். அங்கே பூநாரைகள் வீதிக்குக் கிட்ட வரும் என்று கேள்வி. பத்து மீற்றருக்குள் வராவிட்டாலும், ஒரு தொலைநோக்கி இரவல் கேட்டிருக்கிறேன்.